சோளக்காடு நடந்த வருஷம்

மேகங்கள் காலடியில் கிடக்கிற அந்த மாயா மலைநாட்டில், சாக்காபா என்ற ஊரில், பஸ்குவாலின் சோளக்காடு எழுந்து நடந்துபோன காலையில் அவன் மனைவி மிக்காயெலா சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். தலையில் உப்புக்கூடை, முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிய மகள் ஷேப்பா, வாயில் மிளகாய் விற்றவனுக்குச் சொல்லி முடிக்காத மிச்ச வசவு. மலைப்பாதையின் கடைசி வளைவு திரும்பினால் முதலில் தெரிவது அவர்களுடைய காடுதான். அன்றைக்கு வளைவு திரும்பினாள், காடு தெரியவில்லை. வேர் கிளம்பிய குழிகளோடு கறுத்த மண் வாயைத் திறந்து கிடந்தது, அதன் ஓரத்தில் பஸ்குவால் களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எங்கய்யா காடு?"

"போயிருச்சு."

"போயிருச்சுன்னா? எவன் வெட்டிட்டுப் போனான்?"

"யாரும் வெட்டல. அதுவா எந்திரிச்சுச்சு. வேரைத் தூக்கிக்கிட்டு, ஒதறிக்கிட்டு, கீழ உர்பானோ வீட்டுப் பக்கமா எறங்கிப் போச்சு."

"நீ என்ன பண்ணின?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"மாடு போனா மறிக்கத் தெரியும், காடு போனா மறிக்கத் தெரியாதா உனக்கு?"

ஒரு காடு எப்படி எழுந்து போகும் என்று அவள் கேட்கவில்லை. தாய் தகப்பன் முகம் தெரியாமல், கீழ்நாட்டுக் காப்பித் தோட்டங்களில் யார் யாரோ திட்ட வளர்ந்து, ஏமாந்து ஏமாந்தே வியாபாரம் படித்தவள் மிக்காயெலா. கண்ணை எடுத்தால் உலகத்தில் எதுவும் எழுந்து போய்விடும் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும். உப்புக்கூடையை அவன் மடியில் இறக்கிவிட்டு, முதுகில் பிள்ளையோடு சரிவில் இறங்கினாள்.

காடு உர்பானோவின் வாசலில் நின்று தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. பால் பிடித்த கதிர்களோடு தட்டைகள் ஒன்றோடு ஒன்று தோள் உரசி நிற்க, தட்டைகளைச் சுற்றி ஏறிய பீன்ஸ் கொடிகள் பிடியை விடாமல் தொங்க, அடியில் படர்ந்திருந்த பூசணிகள் மாத்திரம் கல்லில் இடித்து இடித்து, பின்தங்கிய பிள்ளைகள் மாதிரி இழுபட்டு அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. உர்பானோ வாசலில் பலகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல வருஷத்துக்கு முன்னால் வெண்ணெய்ப்பழ மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர், காலையில் மருமகள் தூக்கி உட்காரவைத்தால் சாயங்காலம் தூக்கி உள்ளே வைக்கும்வரை அந்த நாற்காலியே கதி, வாய் மட்டும் ஊர் முழுக்க நடக்கும். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை 'தாத்' என்று கூப்பிடுவது மரியாதை. மிக்காயெலா சண்டை போடும்போதும் அந்த மரியாதையை விடமாட்டாள்.

"வந்தியா? உன் காடு என் பீன்ஸை மொத்தமா மிதிச்சிருச்சு. ஒரு சுமை கதிர் ஒடிச்சு வச்சிட்டுக் காட்டைக் கூட்டிட்டுப் போ."

"தாத் உர்பானோ, நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க. மிதிபடல உங்க பீன்ஸ், என் சோளத்து மேல தொத்தி ஏறி உக்காந்திருக்கு. சவாரிக்கு நான்தான் கூலி கேக்கணும்."

"தண்ணி குடிச்சிருக்கே, அதுக்கு?"

"மழைத்தண்ணிதானே, நீங்க பெத்த தண்ணியா?"

"அரைச் சுமை."

"ஒரு கதிர்."

"ஒரு கதிரா? பிச்சைக்காரனுக்கே ரெண்டு போடுவாங்கடி."

"அப்ப அவன்கிட்டயே போய் வாங்கிக்குங்க. தங்குற ஒரு எடத்துக்கு ஒரு கதிர். எங்க கேட்டாலும் அதான் நியாயம்."

கிழவர் முனகினார், எச்சில் துப்பினார், ஒத்துக்கொண்டார். தான் ஜெயித்த சந்தோஷத்தில் மிக்காயெலா ஓரத்துத் தட்டையிலிருந்து ஒரு பச்சைக்கதிரை ஒடித்து அவர் மடியில் போட்டாள். முதுகில் இருந்த ஷேப்பா அந்த ஒடிபடும் சத்தத்துக்குச் சின்னதாய்ச் சிணுங்கினாள், அவ்வளவுதான். பிறகு மிக்காயெலா கையில் குச்சி எடுத்துக்கொண்டு காட்டை வீட்டுப் பக்கம் திருப்பப் பார்த்தாள். காடு அவளைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கமாய்ப் போனது.

மறுநாள் அவள் அடுப்படியில், மூன்று கல் அடுப்பின் மேல் ரொட்டி சுடுகிற மண்கல்லைக் காயவைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த சோளத்தை அம்மியில் இழுத்துக்கொண்டிருந்தபோது, வாசலை மறைத்துக்கொண்டு உர்பானோ நின்றார்.

"கதிர் பொடிக்கதிர். சுட்டுத் தின்னா பாதி பொக்கு. இன்னொன்னு குடு."

"ஒண்ணுன்னு பேசியாச்சு."

"பேசினது முழுக் கதிருக்கு."

இப்படியே ரொம்ப நேரம் போனது. பஸ்குவால்தான், தட்டிக்கொண்டிருந்த ரொட்டி கையிலேயே இருக்க, கேட்டான்: "தாத், நீங்க எப்படி இங்க வந்தீங்க?" உர்பானோ குனிந்து தன் காலைப் பார்த்தார். மிக்காயெலாவும் பார்த்தாள். செருப்பில்லாத, சேறு அப்பின, நடந்து வந்த கால்கள். கிழவர் திரும்பினார், கதிரைப் பற்றிய பேச்சை அப்படியே விட்டுவிட்டு, ஊர்ச் சரிவு முழுக்க மேலும் கீழும் இருட்டும்வரை நடந்தார். மருமகள் சோற்றுத் தட்டோடு பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சாக்காபாவில் காட்டை யாரும் விரட்டவில்லை, எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தொட்டி நிறைய தண்ணீர் ரொப்பி வைத்து, குங்கிலியம் புகைத்து, 'எங்க எடத்துலயும் வந்து நில்லு தாயே' என்றார்கள். காடு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை, வயிற்றுப்பிள்ளைக்காரி சந்தைக்குப் போகிற வேகத்தில் தன் இஷ்டத்துக்கு நடந்தது, மழை வந்தால் நின்றது, வெயில் ஏறினால் கிளம்பியது. எவன் நிலத்தில் நிற்கிறதோ அவன் களை எடுக்க வேண்டும், பறவை விரட்ட வேண்டும், கிளம்பும்போது ஒரு கதிர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது; ஒரு கதிர் என்ற விலை மிக்காயெலா போட்டதுதான், அதை யாரும் மாற்றவில்லை. மாதாகோயில்காரர்கள் அது தங்கள் கோயில் வாசலில் நின்றதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். கைதட்டிப் பாடுகிற புதுச்சபைக்காரர்கள், அது எங்கள் பாட்டு முடியும்வரை நின்றது, உங்கள் பூசையில் பாதியில் கிளம்பியது என்றார்கள். நாய்கள் ஒரு வாரம் குரைத்துப் பார்த்து விட்டுவிட்டன. 'காடு ஓடை தாண்டும்போது வா' என்று ஜனங்கள் நேரம் குறிக்கத் தொடங்கினார்கள்.

கதிர் தின்றவர்களுக்கு உட்கார முடியாமல் போனது. வாசல் மரத்தில் தறியின் ஒரு முனையைக் கட்டி மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டிபோட்டு நெய்கிற ரெஜீனா, கதிர் தின்ற மறுநாளிலிருந்து நெய்துகொண்டே மரத்தைச் சுற்றினாள், மரத்துக்கே சட்டை தைத்த மாதிரி துணி அடிமரத்தைச் சுற்றி ஏறியது. வாத்தியார் பாடம் சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போக, பிள்ளைகள் நோட்டோடு பின்னால் போனார்கள். கோயிலில் முழங்கால் போட்டவர்கள் போட்ட வேகத்தில் எழுந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் எல்லாம் தெருவிலேயே, நடந்தபடியே நடந்தன, யார் வீட்டு ரகசியமும் எந்த வீட்டிலும் தங்கவில்லை. யாருக்கும் அதில் குறை இல்லை. உட்கார்ந்தே கிடந்த ஊருக்குக் கால் முளைத்துவிட்டது என்று பெருமையாகவே பேசிக்கொண்டார்கள்.

ஷேப்பா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்த காலத்துப் பிள்ளைகள் எல்லாம் கோழி துரத்துகிற வயசு. கால் இரண்டும் உருண்டு திரண்டு நன்றாகத்தான் இருந்தன. ஆஸ்பத்திரி நர்ஸ் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை, நடப்பாள் என்று சொல்லியாகிவிட்டது. நிறுத்தினால் மண்சுவர் கரைகிற மாதிரி மெதுவாய்க் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அழக்கூட மாட்டாள். அதுதான் மிக்காயெலாவின் நெஞ்சில் சதா சுரண்டிக்கொண்டிருந்த விஷயம். சந்தையில் எவனையும் வாயால் மடக்குகிறவள், கடவுளிடமும் புனிதர்களிடமும் குகைச்சாமியிடமும் மெழுகுவர்த்தியைக் காட்டிப் பேரம் பேசி, இந்த ஒரு சரக்கை மட்டும் வாங்க முடியாமல் திரும்பியிருந்தாள்.

ஷேப்பாவைப் பிறக்கவைத்த மருத்துவச்சி துரூதிஸ் ஒருநாள் மத்தியானம் வந்தாள். கதிர் தின்னாதவள், அதனால் வந்ததும் நிதானமாய் உட்கார்ந்தாள். ஓடைக்கரையில் நின்ற காட்டையும், அடுப்போரம் உட்கார்ந்திருந்த ஷேப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ கதிரை எங்க ஊன்றினீங்க?"

அந்த மலைகளில் பிள்ளை பிறந்தால் கொப்பூழ்க்கொடியை ஒரு சோளக்கதிரின் மேல் வைத்துத்தான் அறுப்பார்கள். ரத்தம் பட்ட கதிரை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, விதைப்பு வந்ததும் வீட்டோரம் பாய் அகலத்துக்குத் தனிப் பாத்தி கட்டி ஊன்றுவார்கள். அது பிள்ளையின் சோளம். பிள்ளையின் எலும்பும் பலமும் அதில்தான் விளைகிறது, அதனால் விளைந்ததைக் காயவைத்துக் கூழாக்கிப் பிள்ளைக்குத்தான் முதலில் ஊட்டுவார்கள். ஷேப்பா பிறந்த வருஷம் ஆலங்கட்டி மழையில் விதைப்பே கெட்டுப்போக, அடுத்த வருஷம் ஊன்றிக்கொள்ளலாம் என்று மிக்காயெலா அந்தக் கதிரில் சிவப்பு நூல் கட்டி உத்தரத்தில் விட்டிருந்தாள்.

அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் ஒரு கதிரும் இல்லை.

"யோவ். செவப்பு நூல் கட்டினது எங்க?"

பஸ்குவால் முகம் வெளிறியது. "நீ சந்தைக்குப் போயிருந்த. மழை எறங்கிருச்சு. இருந்ததெல்லாம் உதுத்து ஊன்றிட்டேன். நூல் கட்டியிருந்தது... நல்ல விதைன்னு நீ அடையாளம் வச்சிருக்கன்னு நெனச்சேன். அதை உதுத்து எல்லா வெதையோடயும் கலந்து, ஒரு குழிக்கு ஒரு மணியாவது விழட்டும்னு காடு முழுக்க..."

"காடு முழுக்க!"

"நல்ல விதை வீணாகக் கூடாதுன்னு, மிக்கா."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று காத்திருந்த பஸ்குவாலுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. அவள் ஷேப்பாவின் காலைப் பார்த்தாள், பிறகு ஓடைக்கரையில் காற்றில்லாமலே அசைந்துகொண்டிருந்த காட்டைப் பார்த்தாள், பிறகு தெருவில் நடந்து நடந்து போய்க்கொண்டிருந்த ஊரைப் பார்த்தாள். ஒவ்வொருத்தனும் அவள் மகளின் நடையைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். விலையும் அவளே போட்டது, ஒடித்துக் கொடுத்ததும் அவளே.

"திரும்ப வருமா, துரூதிஸக்கா?"

"உரியவ வயித்துக்குப் போனா வரும். மத்தவங்க தின்னதும் அவங்ககிட்ட தங்காது, இவகிட்டயே வந்துரும். ஆனா மிச்சமில்லாம இவளே தின்னணும். காட்டையே தின்னணும்."

"காட்டையேவா? எங்க வருஷச் சோறு அது, அக்கா! காஞ்சதும் அறுத்து, மொதக் கூழை இவளுக்குக் குடுத்து..."

"காய வைக்கணும்னா தட்டையை மடிக்கணும். அதையும் யோசிச்சுக்க."

அதுதான் சிக்கல். கதிர் முற்றியதும் ஒவ்வொரு தட்டையையும் இடுப்பளவில் ஒடித்து மடக்கி, கதிர் தலைகீழாய்த் தொங்கும்படி விட்டால்தான் மழை உள்ளே இறங்காமல் காயும். அந்த மலையில் யாரும் வேறு மாதிரி செய்ததில்லை. நடக்கிற காட்டின் தட்டையை மடிப்பது என்றால் காலை ஒடிப்பது. மடிக்காமல் விட்டால் மழையில் அழுகும். பச்சையாய் ஒடித்துத் தீர்த்தால் வருஷம் முழுக்க வெறும் மண்கல்தான்.

மிக்காயெலா முதலில் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். உப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனாள். ஒடித்து இன்னும் தின்னாமல் வைத்திருந்த கதிருக்கு ஒரு கிண்ணம் உப்பு, இரண்டு கிண்ணம், மிளகாயும் சேர்த்து. யாரும் நின்று பதில் சொல்லவில்லை, நடந்துகொண்டே சொன்னார்கள். "நீ போட்ட வெலைதானே மிக்காயெலா." ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள், கூடிய கூட்டம் ஒரு இடத்தில் நிற்கமுடியாமல் கோயில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, அவளும் நடுவில் சுற்றிக்கொண்டே வாதாடினாள்.

"என் புள்ள நடைய நீங்க திங்கிறீங்க!"

"புள்ளைக்கு இன்னும் வயசிருக்கு," என்றாள் ரெஜீனா. "எனக்கு முழங்கால் போய் எத்தன வருஷம்!"

"இனிமே ஒருத்தருக்கும் கதிர் கெடையாது."

"ஊர் முடிவை நீ ஒருத்தி மாத்த முடியாது. அதோட," என்றார் கூட்டத்தலைவர், "தட்டை மடிக்கிற காலம் வந்தாச்சு. ஊர் ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து நாளைக்குக் காலைல மடிச்சிருவோம். காடும் நிக்கும், உனக்கும் சோளம் காயும். உன் நல்லதுக்குத்தான்."

"எவன் கத்தியோட வர்றான்னு பாக்கிறேன்," என்றாள் மிக்காயெலா.

காலையில் ஆண்கள் கத்தியோடு வந்தபோது காடு ஓடைக்கரையில் இல்லை. அது மேலே ஏறத் தொடங்கியிருந்தது, ஊர் எல்லையான மலைமுகட்டைப் பார்த்து, கதிர் பாரத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நின்று நின்று. முகட்டுக்கு அந்தப் பக்கம் வேற்றூர், வேற்றுப் பாஷை, அங்கே ஒரு கதிர் என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. மிக்காயெலா ஷேப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். பஸ்குவால் தலையில் மண்கல்லையும் கையில் கொஞ்சம் விறகையும் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தான்.

"அந்த மண்கல்லு எதுக்குய்யா?"

"எங்கயாவது நிப்போம்ல. பசிக்கும்ல."

"நீ விதைச்ச வெதைப்புக்கு உனக்குப் பசி வேறயா?"

"திட்டிக்கிட்டே ஏறு, மூச்சு பத்தாது."

அவர்களுக்குப் பின்னால் தின்றவர்கள் எல்லாம் வந்தார்கள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவர்கள் கால் காட்டோடு போக ஆசைப்பட்டது. எல்லோருக்கும் முன்னால் உர்பானோ, தடி இல்லாமல், வேர்வை வழிய.

முகட்டில், ஊர்க்கல் நட்டிருந்த இடத்தில் காடு நின்றது. மேற்கே மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. மிக்காயெலா பிள்ளையை இறக்கிக் கல்லில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு காட்டுக்கு எதிரில் நின்றாள்.

"இங்க பாரு," என்றாள். "என் புள்ள காலை வச்சுக்கிட்டு ஊர் சுத்தினது போதும். நியாயமாப் பேசுவோம். பாதிக் காடு நீ வச்சுக்க, இங்கயே நில்லு, நான் வேலி கட்டித் தர்றேன், தண்ணி சுமந்து ஊத்துறேன். பாதி நடைய எம்புள்ளைக்குக் குடு." காடு சும்மா நின்றது. "முக்கால்வாசி வச்சுக்க. மெதுவா நடந்தாப் போதும் அவ, ஓட வேணாம்." ஒரு இலை அசையவில்லை. "என்னதான்யா வேணும்? என் நடைய எடுத்துக்க! இந்த மலையில நான் நடக்காத பாதை இல்ல, அத்தனையும் எடுத்துக்க, நான் வீட்டோட கெடக்கிறேன்!"  வாழ்க்கையில் அதற்கு மேல் அவளிடம் விற்க ஒன்றும் இல்லை.

பின்னால் பஸ்குவால் மெதுவாய்ச் சொன்னான். "உன் சொந்தச் சரக்குக்கே நீ வெல கேட்டுக்கிட்டு இருக்க, மிக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மூன்று கல் தேடி வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான், மூட்டுவதில் மட்டும் கவனமாக. "வருஷம் முழுக்க என்னத்தத் திம்ப?" என்று கேட்டாள். "தெரியல," என்றான். "கீழ்நாட்டுக்குக் கூலிக்குப் போவேன். நீ விக்கிற உப்பை நக்குவோம்."

அவள் கதிரைப் பிடிக்கக் கை நீட்டியபோது உர்பானோ குறுக்கே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் ஊட்டப் போற. துரூதிஸ் சொன்னா. நாங்க தின்ன நடையும் போயிரும்."

"ஆமா, தாத்."

"எனக்கு நல்ல மனசுன்னு நெனச்சிராத. நான் நடந்து இன்னும் போதல. என் மூத்த மகனைப் பொதைச்ச எடத்த இப்பத்தான் மொதத் தடவையாப் பாத்தேன். அவன் போனப்ப என்னைத் தூக்கிட்டுப் போக ஆளில்ல, நாற்காலில உக்காந்தே அழுதேன். இன்னொரு தடவை போகணும்னு இருந்தேன்."

மிக்காயெலாவுக்கு வாயில் வந்தது எல்லாம் பேரமாகவே வந்தது. அதை விழுங்கினாள்.

"என்ன கேக்கிறீங்க தாத்?"

"அதோ, அந்தச் சுனைவரைக்கும் எறங்கி, என் காலை நானே கழுவிட்டு வர்றேன். மேகத்தைப் பாத்து அவசரப்படாத. நான் வந்தப்புறம் ஊட்டு."

மழை வந்தால் கதிர் கெடும், காடு கிளம்பிவிடும், எல்லாம் போகும். அவள் மேகத்தைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க," என்றாள். ஒருவர் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் அவள் கொடுத்தது அதுதான் முதல் தடவை. உர்பானோ இறங்கினார், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், சுனையில் ஒரு காலை மற்றொரு காலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், திரும்பி ஏறும்போது வேண்டுமென்றே சுற்றுப்பாதையில் ஏறினார். காத்திருந்த கூட்டம் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி நின்றது. வந்து ஊர்க்கல்லில் கை ஊன்றி நின்று, "ஊட்டு, நான் மனசு மாறுறதுக்குள்ள," என்றார்.

பஸ்குவால் ஒடித்தான், வாட்டினான், மிக்காயெலா உதிர்த்து ஊட்டினாள். ஷேப்பா தின்றாள். முதல் கதிர் தீர்ந்ததும் ஓரத்து வரிசை ஒன்று பெருமூச்சு விட்டு மண்ணில் சாய்ந்தது. இன்னொரு கதிர், இன்னொரு வரிசை. ஷேப்பா நிறுத்தவில்லை, வாட்டும்வரை பொறுக்காமல் பச்சையாகவே பிடுங்கிக் கடித்தாள், பால் கன்னத்தில் வழிந்தது, வயிறு புடைக்கவில்லை, கண் மட்டும் பெரிசாகிக்கொண்டே போனது. பீன்ஸ் கொடிகள் பிடி தளர்ந்தன, பூசணிகள் உருண்டு நின்றன, வரிசை வரிசையாய்க் காடு படுத்தது, வருஷச் சோறு பெற்ற தாயின் கை வழியாய் ஒரு சின்ன வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது, மிக்காயெலா கணக்குப் பார்க்கவில்லை. மழையின் முதல் துளி மண்கல்லில் விழுந்து சீறியபோது கடைசிக் கதிரின் கடைசி மணியை ஷேப்பா விரலால் எடுத்து வாயில் போட்டாள்.

கூட்டத்தில் ஒவ்வொருவராய் உட்கார்ந்தார்கள். ரெஜீனா பாறையில், வாத்தியார் ஈரப்புல்லில், கூட்டத்தலைவர் யார் மடியில் என்றும் பார்க்காமல். பலருக்கு அது சுகமாகவே இருந்தது. நாள் முழுக்க நடந்தவர்கள் உட்கார்கிற சுகம். உர்பானோ கடைசியாய் உட்கார்ந்தார். ஊர்க்கல்லைப் பிடித்தபடி, தன் முழங்கால் மடங்குவதைத் தானே பார்த்துக்கொண்டு, மெல்ல இறங்கினார். அவர் இடுப்பு தரையில் பட்ட அந்தக் கணத்தில் ஷேப்பா எழுந்தாள்.

எதையும் பிடிக்காமல் எழுந்தாள். மிக்காயெலா முழங்காலிட்டுக் கை இரண்டையும் விரித்தாள். "வா, வா எங்கண்ணு, வா!" ஷேப்பா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு முகட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், அங்கே பாதை சரிந்து, வளைந்து, யாருக்கும் பேர் தெரியாத பள்ளத்தாக்கில் இறங்கிப் போனது. காலை எடுத்து வைத்தாள். அம்மாவின் கைக்குப் பக்கத்தில், தொடாமல், தாண்டிப் போனாள்.

"ஏய்! நில்லு! ஷேப்பா!"

"புடிடி அவள!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து உர்பானோ கத்தினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மழையில் தெரியவில்லை. "அதுல என் நடையும் இருக்கு, நாற்காலில கெடந்த அத்தன வருஷத்து நடையும் இருக்கு, லேசுல நிக்காது. ஓடு! என்னைப் பஸ்குவால் தூக்கிட்டு வருவான், நீ ஓடு!"

மிக்காயெலா ஓடினாள். முதுகில் கனம் இல்லாமல் அவளுக்கு ஓடத் தெரியவில்லை, கால் எங்கேயோ விழுந்தது. சரிவில் ஈரமண் வழுக்கி ஷேப்பா குப்புற விழுந்தாள், மிக்காயெலா எட்டித் தூக்கக் கை நீட்டினாள், பிள்ளை திரும்பிச் சேறு பூசிய முகத்தோடு அந்தக் கையைத் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டு, தானே எழுந்து, உள்ளங்கையை மார்பில் துடைத்துக்கொண்டு நடந்தது.

நீட்டிய கையை மிக்காயெலா மடக்கிக்கொண்டாள். வேற்றூர்ப் பாதை, மழை, சட்டியில் போட ஒரு மணி சோளம் கிடையாது, எவ்வளவு தூரம் என்று கேட்க ஆளில்லை. அடுத்த வளைவில் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். வளைவு வந்தது. ஷேப்பா திரும்பவில்லை, மிக்காயெலா நடையை எட்டிப் போட்டாள்.